டியூபாவும் பாரி நாயனமும் – ஓர் ஒப்புநோக்கு

முன்னுரை

பெங்களூருத் தமிழர் வீட்டுக் கல்யாணங்களில் நாயனக்காரர் வந்து உட்கார்ந்ததுமே இரண்டு விதமான பேச்சு கிளம்பும். ஒன்று, "அது காட்டு வாத்தியம் சார், காது கிழியுது, சுருதியும் சுத்தமில்ல, வெள்ளைக்காரன் பேண்டு வாத்தியம் பாருங்க, பட்டனை அழுத்தினா சுரம் அப்படியே வந்து நிக்குது" என்பது. இன்னொன்று, "நாயனத்துல குறையே கிடையாது, சிலப்பதிகாரக் காலத்திலிருந்து அப்படியே வருது, ஒரு அணு மாற்ற வேண்டியதில்லை" என்பது. முதல் பேச்சில் அறியாமை உண்டு. இரண்டாவதில் பெருமை உண்டு, ஆனால் ஆராய்ச்சி இல்லை. இரண்டுக்கும் நடுவே, கருவியைக் கருவியாகவே எடுத்து வைத்துப் பார்ப்பவர் குறைவு.

இக்கட்டுரை அதற்கான சிறு முயற்சி. பேண்டு வாத்தியங்களில் மிகப் பெரியதும் மிகத் தாழ்ந்த சுரம் தருவதுமான டியூபாவை ஒரு பக்கமும், நரசிங்கம்பேட்டையில் கையால் கடைந்தெடுக்கப்படும் பாரி நாயனத்தை இன்னொரு பக்கமும் வைத்து, அமைப்பையும் வாசிப்புக் குணத்தையும் ஒப்பிடப் போகிறேன். ஒன்று பித்தளை, மற்றது மரம். ஒன்று கர்ஜிக்கும், மற்றது கூவும். இவை இரண்டையும் எப்படி ஒப்பிடுவது என்று கேட்கலாம். இரண்டும் வரவர அகலும் கூம்புக் குழாய்கள். இரண்டிலும் அதிர்வது மூச்சு. இரண்டையும் செய்தவர்களுக்கு வந்த சிக்கலும் ஒன்றே. அவர்கள் கண்ட விடைதான் வேறு. நாதஸ்வரமா, நாகசுரமா என்ற பெயர் வழக்குக்கு இங்கே நான் வரவில்லை. டெல்டாக்காரர் வாயில் வரும் 'நாயனம்' என்ற சொல்லையே ஆள்கிறேன்.

குழாய் கொடுப்பதும் இசை கேட்பதும்

வெறும் குழாய் ஒன்றை எடுத்து ஊதினால் நாம் விரும்பும் சுரம் வராது, குழாய் விரும்பும் சுரம்தான் வரும். நீளமான பித்தளைக் குழாயில் உதட்டை வைத்து அதிர ஊதினால் முதலில் அடி சட்ஜம். உதட்டை இறுக்கினால் மேல் சட்ஜம். இன்னும் இறுக்கினால் அதற்கு மேலுள்ள பஞ்சமம். பிறகு சட்ஜம், காந்தாரம், பஞ்சமம் என்று படிப்படியாக ஏறும். இடையிலுள்ள சுரங்கள் எவ்வளவு முயன்றாலும் சரியாக நிற்காது. நம்ம கோயில் கொம்பும் எக்காளமும் இந்த நிலையிலேயே நின்றுவிட்டவை. அறிவிப்புக்கும் முழக்கத்துக்கும் அவை போதும், ராகத்துக்குப் போதாது.

இரண்டாம் படியான சட்ஜத்துக்கும் மூன்றாம் படியான பஞ்சமத்துக்கும் நடுவே எத்தனை சுரத்தானங்கள் என்று நம் பிள்ளைகளைக் கேட்டால் விரல்விட்டுச் சொல்லிவிடும்: சுத்த ரிஷபம், சதுஸ்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், அந்தர காந்தாரம், சுத்த மத்திமம், பிரதி மத்திமம். ஆக ஆறு. இந்த ஆறு ஓட்டையை அடைக்க முடிந்தால் குழாய் இசைக்கருவியாகிவிடும். டியூபா செய்த ஐரோப்பியருக்கும் நாயனம் கடைந்த ஆசாரிகளுக்கும் முன்னால் நின்ற கணக்கு இதுதான்: குழாய் கொடுப்பதற்கும் இசை கேட்பதற்கும் உள்ள இடைவெளியை எதைக் கொண்டு நிரப்புவது?

டியூபா கண்ட விடை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியரான ஸ்டோல்செல், ப்ளூமெல் என்ற இருவர் குழாயின் நடுவே திறந்து மூடும் வால்வைப் பொருத்தினார்கள். 1818-இல் அதற்கு உரிமம் பெற்றார்கள். 1835 செப்டம்பரில் பெர்லினில் வீப்ரெக்ட் என்ற ராணுவ இசைத் தலைவரும், மோரிட்ஸ் என்ற கருவி செய்பவரும் ஐந்து வால்வுகள் கொண்ட 'பாஸ் டியூபா'வுக்கு உரிமம் பெற்றனர். சில ஆண்டுகளுக்குள் பாரிஸில் பெரினே என்பவர், மேலும் கீழும் போய்வரும் உருளை வடிவப் பிஸ்டன் வால்வை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார்.

இதன் வேலை எளியது. பிஸ்டனை அழுத்தாத நிலையில் காற்று நேர்வழியே போகும். அழுத்தினால் பிஸ்டனிலுள்ள வேறு துளைகள் குழாயோடு பொருந்தி, காற்று பக்கத்துச் சுற்றுக் குழாய்க்குள் போய்விட்டு வரும். நீளம் கூடும், சுரம் இறங்கும். இரண்டாவது வால்வு அரைச் சுரம் இறக்கும், முதலாவது ஒரு முழுச் சுரம், மூன்றாவது ஒன்றரைச் சுரம். மூன்றையும் தனித்தும் சேர்த்தும் அழுத்தினால் சரியாக ஆறு படி இறக்கம் கிடைக்கும். பஞ்சமத்திலிருந்து சுத்த ரிஷபம் வரையுள்ள ஆறு ஓட்டையும் அடைபட்டது. மூன்று விரலில் பன்னிரண்டு சுரமும்! அழகான விடை என்பதில் ஐயமில்லை.

கைவேலை என்ற வகையிலும் அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். பாத்திர வியாபாரத்தில் காலம் கழித்தவன் என்பதால் பித்தளையின் குணம் எனக்குக் கொஞ்சம் தெரியும். வெண்கலம் வார்ப்புக்கு உகந்தது. பித்தளை தகடாக அடிக்க உகந்தது. நூற்றுக்கு எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு துத்தநாகம் என்ற கலவை நன்றாக நீளும், வளையும். அடிக்க அடிக்க இறுகும்; இறுகினதைக் காய்ச்சி ஆறவிட்டால் மறுபடி இளகும். கையால் செய்யும் டியூபாவின் அகன்ற வாய், தகட்டை வெட்டி, ஓரத்தைப் பற்றவைத்து, அச்சின்மேல் போட்டு அடித்து அடித்துத்தான் பிறக்கிறது. வளைவுக் குழாய்களுக்குள் கீலையோ ஈயத்தையோ உருக்கி ஊற்றி நிரப்பிவிட்டு வளைப்பார்கள், இல்லாவிட்டால் குழாய் நசுங்கிவிடும். பிஸ்டனையும் அதன் உறையையும் தேய்ப்புப் பசை போட்டு ஒன்றோடொன்று உரசி இழைப்பார்கள். இறுகினால் சிக்கும், தளர்ந்தால் காற்று கசியும். இரண்டுக்கும் நடுவே மயிரிழைதான் இடம். நம் நாட்டிலும் உத்தரப் பிரதேசத்து மீரட் நகரத்தில் பேண்டு வாத்தியங்கள் பட்டறைகளில் கையால் செய்யப்படுகின்றன. கல்யாண ஊர்வலங்களில் தோளைச் சுற்றி மாட்டிக்கொண்டு தலைக்கு மேலே பெரிய வாய் விரிந்திருக்குமே, அந்த சூசபோனும் டியூபாவின் தம்பிதான்.

ஒன்பது அங்குலக் கடன்

ஆனால் இந்த அழகான விடைக்குள் ஒரு கடன் ஒளிந்திருக்கிறது. பட்டனை அழுத்தினால் சுரம் தானாக நிற்கும் என்று நினைப்பவர்களுக்காகவே அதை விவரமாகச் சொல்கிறேன்.

அரைச் சுரம் இறங்க, இருக்கும் குழாயின் நீளத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு ஆறு பங்கு கூட்ட வேண்டும். முழுச் சுரத்துக்குப் பன்னிரண்டே கால் பங்கு. ஒன்றரைக்குப் பத்தொன்பது பங்கு. ஒவ்வொரு வால்வும் தனியாக அழுத்தப்படும்போது கணக்கு நேராக வரும். மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கூட்டுத்தொகை நூற்றுக்கு முப்பத்தேழு பங்குதான். ஆறு படி இறங்கத் தேவையானதோ நாற்பத்தொன்றுக்கு மேல். ஏன் இந்தத் துண்டு விழுகிறது? ஒரு வால்வைத் திறந்து குழாய் நீண்ட பிறகு, அடுத்த வால்வு அந்த நீண்ட குழாய்க்கு ஏற்பக் கூட்ட வேண்டும்; அதுவோ பழைய குழாய்க்கு அளந்து வெட்டியது. வட்டிக்கு வட்டி போடாமல் தனிவட்டி போட்டால் கணக்கு எப்படித் துண்டு விழுமோ, அப்படித்தான் இதுவும்.

பெரிய டியூபாவின் குழாயை நிமிர்த்தினால் ஏறத்தாழ 18 அடி. அதில் இந்தக் குறை ஒன்பது அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். விளைவு, சுத்த ரிஷபம் ஊத வேண்டிய இடத்தில் சதுஸ்ருதி ரிஷபத்தை நோக்கிப் பாதி தூரம் ஏறிய ஏதோ ஒன்று வரும். நம்ம கச்சேரியில் அப்படி வந்தால் முன்வரிசை எழுந்துவிடும்.

இதை அவர்களும் உணர்ந்தார்கள். மூன்றாவது வால்வின் சுற்றைச் சற்றே நீட்டிப் பழுதைப் பங்கிட்டார்கள். நான்காவது, ஐந்தாவது வால்வுகளைச் சேர்த்தார்கள். 1874-இல் லண்டன் பூசி நிறுவனத்தைச் சேர்ந்த பிளேக்லி என்பவர், வால்வுகளைச் சேர்த்து அழுத்தும்போது காற்று தானாகவே இன்னும் சில சிறு சுற்றுகளுக்குள்ளும் போய்வரும்படி ஒரு ஈடுசெய் அமைப்பைக் கண்டார். சுருதி சரியானது; ஆனால் எடை கூடியது, வளைவுகள் கூடின, காற்றுக்குத் தடையும் கூடியது. வாசிப்பவருக்கு மூச்சு அடைபடுவது போல் இருக்கும். வேறு சிலர் இந்த ஏற்பாட்டை விட்டுவிட்டு, வாசிக்கும்போதே இடது கையால் சுற்றுக் குழாயை இழுத்தும் தள்ளியும் சரிசெய்கிறார்கள். யாராக இருந்தாலும் கடைசித் திருத்தம் உதட்டில்தான். பட்டன் கொண்டுவந்து விடுவது வாசல் வரைக்கும். உள்ளே நுழைய வேண்டியது வாசிப்பவனே.

நாயனம் கண்ட விடை

நாயனத்தில் அதே இடைவெளி வேறு வழியில் நிரப்பப்பட்டது. குழாயை நீட்டுவதற்குப் பதில், துளை போட்டுக் குறுக்கினார்கள். நாயனத்தின் உடலான உலவு ஆச்சா மரத்தில் கடையப்படுவது. மேலே சிறுத்துக் கீழே அகலும். அடியில் அகன்ற அணசு. உச்சியில் கெண்டை என்ற உலோகக் குழல். அதன்மேல் நாணல் வகையிலான கொறுக்கைத் தட்டையில் செய்த சீவாளி. சீவாளிக்குத் திருவாவடுதுறை பேர்போனது. மாற்றுச் சீவாளிகளும் அவற்றைச் சரிசெய்யும் ஊசியும் சரடில் கோத்து வாத்தியத்தோடே தொங்கும்.

துளைகள் பன்னிரண்டு. வாசிக்கும் துளை ஏழு. அடியிலுள்ள ஐந்தில் விரல் படாது. அவற்றை மெழுகால் கொஞ்சம் அடைத்தும் திறந்தும் சுருதியை ஒழுங்கு செய்துகொள்வார்கள். பிளேக்லியின் சிறு சுற்றுகள் செய்த ஈடுகட்டும் வேலையில் ஒரு பகுதியை இங்கே ஒரு துளி மெழுகு செய்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

ஏழு துளையில் பன்னிரண்டு சுரத்தானமும், அவற்றுக்கு இடைப்பட்ட கமகங்களும் எப்படி வரும்? புல்லாங்குழலில் விரலால் பாதித் துளையை மூடுவார்கள். நாயனத்தில் அந்த வேலையின் பெரும்பங்கு சீவாளியைக் கவ்வும் உதட்டுக்கும் மூச்சின் அழுத்தத்துக்கும் போய்ச் சேருகிறது. அதே துளை, அதே விரல். மூச்சைக் கூட்டினால் சுரம் ஏறும், தளர்த்தினால் இறங்கும். நாக்கால் பிரித்து ஊதும் துத்துக்காரமும், பிரிக்காமல் இழுக்கும் அகாரமும் அதன்மேல் சேரும்.

ஆக, டியூபாவில் சுரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பட்டறை, உதடு திருத்தும். நாயனத்தில் பட்டறை இடத்தைக் காட்டும், உதடு தீர்மானிக்கும். ஒரு பட்டாளத்தில் நாற்பது பேர் ஒரே சுரத்தில் சேர்ந்து நடைபோட்டு வாசிக்க டியூபாவின் வழி சிறந்தது. ஒரே ஆள் தோடியின் காந்தாரத்தை நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே நிற்க நாயனத்தின் வழி சிறந்தது. எதற்காகச் செய்யப்பட்டதோ அதை வைத்துத்தான் எதையும் எடைபோட வேண்டும். உழக்கைக் கொண்டு துணி அளக்கிறவனை நாம் கடையில் உட்கார வைப்போமா?

1955: ஒரு மத்திமத்தின் கதை

இதனால் நாயனத்தில் குறையே இருந்ததில்லை என்று சொல்ல வரவில்லை. இருந்தது, அதைத் திருத்தியவரும் நம்மவரே.

திமிரி நாயனம் குட்டை, சுருதி அதிகம்; நாலரை, ஐந்து கட்டை. பாரி நாயனம் நீளம், ஏறத்தாழ இரண்டரை அடி. சுருதி இரண்டு, இரண்டரை கட்டை. நடுவே இடைபாரி உண்டு. பழைய நாயனத்தில் சுத்த மத்திமம் சுத்தமாக நிற்காது. பிரதி மத்திமத்தை நோக்கிச் சற்று ஏறியே பேசும். வித்வான்கள் மூச்சாலும் உதட்டாலும் அதை இறக்கிச் சமாளித்து வந்தார்கள். வீதியில் சுவாமி புறப்பாட்டுக்கு முன்னால் நடந்துகொண்டே வாசிக்கும்போது அது பெரிதாகத் தெரியாது. சபை மேடையில் உட்கார்ந்து, தம்புரா சுருதிக்குப் பக்கத்தில், ஒரு ராகத்தை விஸ்தாரமாக ஆலாபனை செய்யும்போது உறுத்தும்.

திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்காக, நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி 1955-இல் சுத்த மத்திமம் சரியாகப் பேசும் பாரி நாயனத்தைச் செய்து கொடுத்தார். அடுத்த ஆண்டே, 1956 டிசம்பர் 12-இல் பிள்ளை காலமானார். அவர் அந்த வாத்தியத்தோடு வாழ்ந்தது கொஞ்ச நாள்தான். ஆனால் பின்வந்தவர்கள் அந்த அளவையே பின்பற்றினார்கள். இன்று கச்சேரி நாயனம் என்றாலே பாரிதான். 2022-இல் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இந்த நிகழ்ச்சியில் நான் பார்க்கும் முக்கியமான விஷயம், கேள்வி கேட்டவர் ஒரு வித்வான், விடை கொடுத்தவர் ஒரு ஆசாரி என்பது. வீப்ரெக்டும் மோரிட்ஸும் பெர்லினில் சேர்ந்து செய்ததும் அதேதான். வாசிப்பவன் குறையை வாய்விட்டுச் சொல்ல, செய்பவன் அதைக் காது கொடுத்துக் கேட்க, அங்கேதான் கருவி வளர்கிறது. "நம்ம வாத்தியத்தில் ஒரு அணு மாற்ற வேண்டியதில்லை" என்று பெருமை பேசுகிறவர், பெருமைக்குரிய இந்த 1955-ஐயே மறந்துவிடுகிறார்.

வரவு இருந்தால் செலவும் உண்டு. பாரியில் துளைகள் தள்ளித்தள்ளி இருக்கும். விரலை அகல விரிக்க வேண்டும். மூச்சும் அதிகம் கேட்கும். திமிரியின் கூர்மை தெருவின் இரைச்சலையும் வெடிச் சத்தத்தையும் தாண்டி அடுத்த வீதிக்குப் போய்ச் சேரும். பாரியின் கனம் அப்படிப் போகாது. சபைக்குப் பாரி பொருந்தும், வீதிக்குத் திமிரி பொருந்தும் என்பதே என் கருத்து. எல்லா இடத்துக்கும் பாரி ஒன்றே போதும் என்று திமிரியைக் கைவிட்டுவிட்டு, பிறகு ஊர்வலத்தில் நாயனம் கேட்கவில்லை என்று ஒலிபெருக்கி வண்டியைப் பின்னால் தள்ளிக்கொண்டு வருவது நம் குற்றம். வாத்தியத்தின் குற்றம் ஆகாது.

மரமா, உலோகமா, கல்லா?

ஆச்சா மரத்தில் செய்வதால்தான் அந்த நாதம் என்பார்கள். அதுவும் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் தூண், உத்தரம் ஆகியவற்றில் பல்லாண்டு காய்ந்த மரம்தான் வேண்டும். இதில் எவ்வளவு உண்மை? கும்பகோணம் ஆதி கும்பேசுவரர் கோயிலிலும் ஆழ்வார்திருநகரியிலும் கல்லால் ஆன நாயனம் இருக்கிறது. கல்லிலும் நாயனம் பேசும் என்றால், பேசுவது முதலாவதாக உள்ளே இருக்கும் கூம்பு வடிவக் காற்றுதான். கோல்ட்மன் என்ற அமெரிக்க அறிவியலாளர் 1971-இல் வெளியிட்ட சோதனையில், வெள்ளி, செம்பு, மரம் என்று வெவ்வேறு பொருளில் ஒரே அளவாகச் செய்த புல்லாங்குழல்களைக் கேட்டவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அப்படியானால் ஆச்சா மரம் வெறும் நம்பிக்கையா? அப்படியும் சொல்ல மாட்டேன். எச்சில், ஈரம், வெயில், பனி எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு உள்துளை கோணாமல், வெடிக்காமல் பல ஆண்டு இருக்க வேண்டும். பச்சை மரம் காயும்போது சுருங்கும். சுருங்கினால் அளவு போச்சு, மத்திமமும் போச்சு. முன்பே காய்ந்து தீர்ந்த கனமான மரம் கடைந்த அளவைக் காப்பாற்றும். ஆகவே மரத்தின் பெருமை, நாதத்தைத் தருவதைக் காட்டிலும் அளவைக் காப்பதில்தான் என்று கொள்வதே பொருத்தம். டியூபாவில் செம்பு கூடிய பித்தளை இனிமை, குறைந்தது கூர்மை என்று பேசும் வாதங்களையும் இதே தராசில்தான் நிறுக்க வேண்டும். உருவமும் அளவும் முதலில். பொருள் அதற்குப் பிறகு.

கன்னட மண்ணில் ஒரு சாட்சி

விசையும் உதடும் மோதிக்கொண்ட இடத்துக்கு நம் கர்நாடகத்திலேயே சாட்சி இருக்கிறது. தட்சிண கன்னடத்தில் ஒரு நாயன வித்வானின் மகனாக 1949-இல் பிறந்த கத்ரி கோபால்நாத், மைசூர் அரண்மனை பேண்டில் சாக்சபோனைக் கேட்டு அதன்மேல் மையல் கொண்டார். சாக்சபோனில் துளையை விரல் நேரே மூடுவதில்லை, விசை மூடுகிறது. பாதித் துளை, கால் துளை என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. அவர் என்ன செய்தார்? வாத்தியத்தில் சில மாற்றங்கள் செய்துகொண்டார். மீதியை உதட்டாலும் மூச்சாலும் சாதித்தார். 2019-இல் மறையும் வரை அவர் வாசித்த கமகங்களைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அந்தப் பித்தளைக்குள்ளே ஒரு நாயனம் குடியிருந்தது. விசை வைத்த கருவி உயர்ந்தது, அதனால் நம் சங்கீதம் எளிதாகும் என்று நினைப்பவர்களுக்கு அவரே பதில்: எளிதாகவில்லை, விசையை மீறித்தான் அவர் வாசித்தார்.

அளவு நூல் எங்கே?

இனி நம் பக்கத்துக் குறை. சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார், குழல் செய்யும் முறையை எவ்வளவு நுட்பமாகச் சொல்கிறார் தெரியுமா? மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி என்று பொருள்களை வகைப்படுத்துகிறார். நீளம் இருபது விரல், சுற்றளவு நாலரை விரல் என்று அளவு தருகிறார். உள்ளே கடையும்போது எவ்வளவு கனம் மரத்தை மிச்சம் வைக்க வேண்டும் என்பதற்கு நெல்லரிசியில் பாதி என்கிறார். உ.வே. சாமிநாதையர் 1892-இல் அச்சேற்றிய அந்தப் பதிப்பு இல்லையென்றால் இதுவும் நமக்குத் தெரியாமல் போயிருக்கும். அந்த உரையில் 'அணசு' என்ற சொல்லே வருகிறது. ஆனால் அங்கே அது குழலின் ஒரு முனையை அடைக்கும் வெண்கல மூடி. இன்றைய நாயனத்தின் விரிந்த வாய் இல்லை. சொல் ஒன்றாக இருப்பதை வைத்து, நாயனம் சிலம்பிலேயே இருக்கிறது என்று மேடையில் முழங்குவது ஆராய்ச்சிக்கு அழகில்லை. அவர் சொன்னது புல்லாங்குழலுக்கு.

அந்த உரையிலிருந்து நாம் கற்க வேண்டியது வேறு. பல நூற்றாண்டுகளுக்கு முன் ஒருவர் குழலின் அளவை எழுத்தில் வைத்தார். மேற்கே டியூபா செய்பவர்கள் குழாயின் உள்விட்டத்தையும் வாயின் அகலத்தையும் மில்லிமீட்டரில் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். வாங்குபவன் ஒப்பிட்டுப் பார்க்கிறான். நாயனத்தின் உள்கூம்பு எங்கே எவ்வளவு அகலம், துளைக்குத் துளை எவ்வளவு தூரம் என்பதெல்லாம் பெரும்பாலும் பட்டறைக்குள்ளே, கைப்பழக்கத்திலும் தச்சு அளவுகோலிலும் தங்கியிருக்கிறது. தகப்பன் கையிலிருந்து பிள்ளை கைக்குப் போகிற வித்தை, பிள்ளை வேறு வேலைக்குப் போனால் அங்கேயே நின்றுவிடும். கேட்பார் இல்லாமல் எத்தனையோ ஏடுகள் கறையானுக்குப் போனதைக் கண்ட சமணக் குடிகளில் பிறந்தவனுக்கு இந்தப் பயம் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகம்.

அளவு தெரிந்துவிட்டால் எவனும் செய்துவிடுவானே, ஆசாரியின் பிழைப்பு என்ன ஆவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சமையல் புத்தகம் வந்ததால் சமையல்காரர் ஒழிந்துவிடவில்லை. மயிரிழை வேலை கையில்தான் இருக்கிறது. அளவு அதற்குச் சாட்சியாக மட்டும் நிற்கும். செய்பவரின் பெயரோடும் சம்மதத்தோடும், உரிய மரியாதையும் கூலியும் தந்து, நல்ல நாயனங்கள் சிலவற்றை அளந்து எழுதி வைக்க வேண்டும். இதைச் செய்யத் தமிழ்ச் சங்கங்களுக்குப் பெரிய பணம் தேவையில்லை, மனம் போதும்.

முடிவுரை

எங்கள் சமயத்தில் அநேகாந்தம் என்று ஒரு கொள்கை உண்டு. ஒரு பொருளை ஒரு பக்கமாக நின்று பார்த்தவன் சொல்வது ஒரு பக்க உண்மை. டியூபாவைப் பட்டனாக மட்டும் பார்த்தால் அதன் ஒன்பது அங்குலக் கடன் தெரியாது. நாயனத்தைச் சத்தமாக மட்டும் பார்த்தால் அதன் உதடு தெரியாது.

படித்தவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போக ஒரு நடைமுறைக் குறிப்பும் சொல்லிவிடுகிறேன். டியூபாவின் ஒலி முழுவதும் அகன்ற வாய் வழியாகத்தான் வெளியே வரும். நாயனத்தில் அப்படி இல்லை. திறந்திருக்கும் துளைகள் வழியாகவும் ஒலி வெளிப்படும். அணசு முழுதாகப் பேசுவது துளைகள் மூடியிருக்கும் கீழ்ச் சுரங்களில்தான். நம்ம கல்யாண மண்டபங்களில் மைக்கைக் கொண்டுபோய் அணசுக்குள்ளேயே சொருகுகிறார்கள். சில சுரம் இடியாக விழும், சில சுரம் காணாமல் போகும். நாலு சுவருக்குள் எதிரொலி வேறு. அதைக் கேட்டுவிட்டு, காது கிழியுது, சுருதி இல்லை என்கிறோம். மைக்கை எடுத்துவிடுங்கள், வைத்தே ஆக வேண்டுமென்றால் மூன்று நான்கு அடி தள்ளி, துளைகளை நோக்கி வையுங்கள். வித்வானை வாசல் பந்தலிலோ முற்றத்திலோ உட்கார வையுங்கள். சீவாளி நனைந்து பதமாக அவருக்குக் கால்மணி நேரம் கொடுங்கள். கெட்டிமேளம் முடிந்த பிறகும் ஒரு ராகம் வாசிக்கச் சொல்லி, குடும்பத்தோடு எதிரே உட்கார்ந்து கேளுங்கள்.

கன்னட நண்பர்களும் இந்த மேளத்தை 'ஓலக' என்று சொல்லித் தங்கள் மங்கல காரியங்களுக்கு வைக்கிறார்கள். ஆகவே இது நாம் மட்டும் காக்க வேண்டிய சொத்து என்றில்லை. இந்த ஊரில் நம் இரு வீட்டாருக்கும் பொதுவான சொத்து. வாசிப்பவரை முன்னால் உட்கார்ந்து கேட்க ஆள் இருந்தால்தான் அவர் குறை சொல்லுவார். அவர் குறை சொன்னால்தான் ஆசாரி திருத்துவார். இன்னொரு 1955 வருவதும் வராததும், கேட்கிற நம் கையில்தான் இருக்கிறது.